மாற்றிய மூட்டை மறுபடி மாற்றுமுன்

முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ தேய்ந்துபோனவருக்கு அதனை அகற்றிவிட்டு, உலோகத்தாலும் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சை இப்போது நம் நாட்டில் புதுமையானதன்று. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவரேனும் இதனைச் செய்துகொண்டவர் இருப்பார். ஆனால் அவ்வாறு பொருத்திய மூட்டும் ஒரு நாள் தளரலாம், தேயலாம், கிருமி பற்றிக்கொள்ளலாம். அப்போது அதனைக் கழற்றி வேறொன்று வைக்கவேண்டிவரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவர்கள் 'ரிவிஷன்' என்று வழங்கும் இம்மறு அறுவைக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சித்தூரையும் திருப்பதியையும் நினைவில் வைத்துக்கொண்டே இதனைச் சொல்கிறேன். 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாவதற்கு முன் சித்தூர், வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பக்கங்களில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இங்குள்ள ஒருவர் முதல் அறுவையைச் சென்னையிலோ வேலூரிலோ செய்துகொண்டிருப்பார். மகன் வேலை பார்க்கும் பெங்களூரில் சில காலம் இருந்திருப்பார். இரண்டாவது அறுவை திருப்பதியில் நடக்கவேண்டியிருக்கும். மனிதர் ஊர் மாறுகிறார். அவருடைய காகிதங்கள் அவருடன் மாறுவதில்லை. இப்பேச்சின் பெரும்பகுதி அக்காகிதங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில், அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து 2019-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, முழங்காலில் பொருத்திய முழு மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58. ஆகவே மறு அறுவை எல்லோருக்கும் விதிக்கப்பட்ட ஒன்றன்று. ஆயினும் ஐம்பது வயதிலேயே முதல் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இரண்டாவது ஒன்று வரக்கூடும் என்ற எண்ணம் இருப்பது நல்லது.

இச்சிகிச்சையின் வரலாறே தவறிய மூட்டுகளின் வரலாறுதான் என்று சொல்லலாம். 1890-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் டெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் அரிக்கப்பட்ட மூட்டுகளை எடுத்துவிட்டு யானைத் தந்தத்தால் செய்த மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார். தொடக்கத்தில் நோயாளிகள் நன்றாக நடந்தனர். உள்ளே உறங்கிக் கிடந்த கிருமி பின்னர் விழித்துக்கொண்டது. 1950-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானால் செய்தார். ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பொருத்தியபின், அப்பொருள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து துகளாகி, சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் கெடுப்பது தெரியவந்தது. சார்ன்லி அந்நோயாளிகளை மறுபடியும் அறுவை மேசையில் கிடத்திப் பழுதைத் தாமே நீக்கவேண்டியதாயிற்று. புதிய பொருளை உடல் ஏற்குமா என்று பார்க்கத் தம் தொடையிலேயே சிறு துண்டுகளைப் புதைத்துக்கொண்டார் அவர். 1962 நவம்பர் முதல் அவர் பயன்படுத்திய உயரடர்த்திப் பாலிஎதிலீனின் வழிவந்ததே இன்றைய மூட்டுகளில் உள்ள பிளாஸ்டிக். தம் நோயாளிகள் இறந்தபின் அம்மூட்டைத் தம்மிடம் திருப்பி அளிக்கவேண்டும் என்று அவர்களிடம் இசைவும் கேட்டு வைத்திருந்தாராம். உள்ளே வைத்தது என்ன ஆயிற்று என்பதை அறியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க அவருக்கு மனம் இல்லை.

நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். மறு அறுவை செய்யப்போகும் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது இரண்டு: உள்ளே இருப்பது என்ன? அது ஏன் கெட்டது?

உள்ளே இருப்பது என்ன என்பதை எக்ஸ்-ரே படம் ஓரளவுதான் காட்டும். உலோகத்தின் நிழல் தெரியும். அதைச் செய்த நிறுவனம், மாதிரி, அளவு ஆகியவை எளிதில் தெரியா. இவற்றை அறிவதால் என்ன பயன் எனின், மூட்டு முழுவதையும் எடுக்கவேண்டிய அவசியம் எப்போதும் இராது. தொடையெலும்பில் உறுதியாகப் பற்றியிருக்கும் தண்டினை விட்டுவிட்டு, தேய்ந்த பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையும் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் தண்டில் மற்றொரு நிறுவனத்தின் தலை சரியாகப் பொருந்தாது. பொருந்துவது போல் தோன்றினாலும் நம்பத்தக்கதன்று. மாதிரியின் பெயர் தெரியாமையால், நல்ல நிலையில் உள்ள பகுதியையும் எலும்பை உடைத்து எடுக்க நேரிட்டால், அதனால் விளையும் துன்பம் நோயாளிக்கே. கழற்றுவதற்கு வேண்டிய சிறப்புக் கருவிகளை நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே தருவிக்கவும் அப்பெயர் வேண்டும்.

அப்பெயர் எங்கே இருக்கும்? செயற்கை மூட்டின் ஒவ்வொரு பகுதியும் வரும் பெட்டியினுள் ஒட்டுச்சீட்டுகள் சில இருக்கும். நிறுவனத்தின் பெயர், பகுதியின் எண், தொகுதி எண், அளவு ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். அறுவைக் கூடத்தில் அதனை நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்தின் நகலும், அறுவை எவ்வாறு செய்யப்பட்டது என்று மருத்துவர் எழுதிய குறிப்பும், வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பும் ஆகிய மூன்றே நம் மூலதனம். சுருக்கக் குறிப்புக்கு ஆட்சிச்சொல் அகராதிகளில் அழகிய தமிழ்ச் சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அவற்றில் பற்றும் உண்டு. எனினும் மருத்துவமனைச் சாளரத்தின் முன் நின்று 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இக்காகிதங்களைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இந்திய மருத்துவ மன்றம் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள், உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் கூறின. இவ்விரண்டு எண்களையும் நேயர்கள் சேர்த்துப் பார்க்கவேண்டும். மூட்டு பதினைந்து ஆண்டு உழைக்கிறது. காகிதத்தைக் காக்கும் கடமை மூன்று ஆண்டில் தீர்ந்துவிடுகிறது. பெரிய மருத்துவமனைகள் பல அதற்கு மேலும் வைத்திருக்கின்றன என்பது உண்மை. அதனை நம்பி இருப்பது சரியன்று.

சித்தூரில் வாழும் என் உறவினரான மூதாட்டி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இந்நிலை வந்தது. அவருக்கு முழங்கால் மாற்றிய தனியார் மருத்துவ இல்லம் இதற்குள் மூடப்பட்டு, அவ்விடத்தில் துணிக்கடை வந்துவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு பணம் கட்டிய ரசீது. அதில் 'இம்ப்ளாண்ட்' என்ற ஒரு சொல்லும் ஒரு தொகையும் மட்டுமே கண்டிருந்தன. அறுவைக்குப் பின் எடுத்த படங்களைப் பரண்மேல் ஏறித் தேடி எடுத்தோம். அவற்றுள் இரண்டு பூச்சி அரித்துப்போயின; மூன்றாவது படம் நன்றாக இருந்தது. இப்போதைய படத்தையும் அதனையும் அருகருகே வைத்துப் பார்த்த மருத்துவர், உலோகத் தட்டு எலும்பில் எவ்வளவு அமிழ்ந்து சாய்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பழைய படம் பழைய காகிதம்தானே என்று எறிந்துவிடுகிறவர்களுக்காக இதனைச் சொல்கிறேன்.

நாடு தழுவிய ஓர் உதாரணமும் உண்டு. ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபியூ நிறுவனம் உலோகத்தோடு உலோகம் உராயும் 'ஏ.எஸ்.ஆர்.' என்னும் இடுப்பு மூட்டை விற்றுவந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது என்று கண்டு, 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உராய்வினால் கோபால்ட், குரோமியம் ஆகிய உலோகங்கள் இரத்தத்தில் கலந்தமையே முக்கியக் குறை. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அம்மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018-இல் அறிக்கை தந்தது; அவ்வாண்டு நவம்பரில் இழப்பீடு 30 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடியே 23 லட்சம் ரூபாய் வரை என்று கணக்கும் வகுக்கப்பட்டது. ஆனால் பெறவேண்டியவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தம் இடுப்பில் இருப்பது அதுதான் என்று அறியாமலே எத்தனை பேர் வலியுடன் நடந்திருப்பார்களோ! ஓர் ஒட்டுச்சீட்டின் விலை இதுதான்.

2017 ஆகஸ்டுக்குப் பின் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அப்போது முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அன்று குறித்தது. மறு அறுவைக்குரிய மூட்டுகளும் அவ்வாணையில் அடங்கும். மூட்டின் விலையையும், அதன் வணிகப் பெயர், நிறுவனம், தொகுதி எண் ஆகியவற்றையும் பில்லில் தனியே காட்டவேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. ஆகவே கேஸ் ஷீட் கிடைக்காவிட்டாலும், பில்லின் நகலைக் கணக்குப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி: மூட்டு ஏன் கெட்டது? வலி இருக்கிறது என்பது மட்டும் மறு அறுவைக்குக் காரணமாகாது. இடுப்பு எலும்பு நழுவியதாலோ, முதுகுத் தண்டின் நரம்பு அழுந்துவதாலோ வலி முழங்காலில் தெரியக்கூடும். காரணம் காணாமல் மூட்டைத் திறந்தால், திறந்த பின்னும் வலி இருந்துகொண்டே இருக்கும். காரணத்தை விளக்காமல் நாளைக் குறிக்க விரையும் மருத்துவரிடமிருந்து சற்று விலகி நின்று, மற்றொருவரின் கருத்தையும் கேட்பது தவறன்று.

காரணங்களுள் மிக முக்கியமாகத் தேடவேண்டியது கிருமித்தொற்று. சில கிருமிகள் காய்ச்சல், சீழ் எதுவும் காட்டாமல் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதனால் எந்த மறு அறுவைக்கு முன்னும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரத்தச் சோதனைகளைச் செய்வார்கள். ஐயம் எழுந்தால் மூட்டினுள் ஊசி செலுத்தி நீரை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் அறியாமல் ஒரு கெடுதல் செய்துகொள்கிறார்கள். முழங்கால் வீங்கியவுடன் தெருமுனை மருந்துக் கடையில் ஐந்து நாளைக்கு ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். அம்மருந்து கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் சோதனையில் அகப்படாமல் மறைத்துவிடுகிறது. நீர் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஆண்டிபயாடிக்குகளை நிறுத்தியிருக்கவேண்டும் என்பது பொது விதி. எந்த மருந்து, எத்தனை நாள் உண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. ஒன்றை மட்டும் பிரித்துணரவேண்டும்: குளிர்காய்ச்சல், தையல் பகுதியில் சீழ், திடீரெனக் கடுமையான வீக்கம் ஆகியவை கண்டால் இரண்டு வாரக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கலாகாது, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

தொற்று உறுதியானால் அறுவை பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த எலும்புச் சிமெண்டால் ஆன இடைக்கட்டையை வைத்து மூடுவார்கள். பல வாரங்கள் ஊசியும் மாத்திரையும் தொடரும். கிருமி ஒழிந்தது என்று தெரிந்தபின் இரண்டாம் முறை திறந்து புதிய மூட்டை வைப்பார்கள். தகுந்த நோயாளிகளுக்கு ஒரே கட்டத்தில் செய்வதும் உண்டு. இரு கட்டம் என்றால் குடும்பத்தில் ஒருவருக்கு இரண்டு, மூன்று மாத விடுப்பு, இரு முறை செலவு, இடைக்காலத்தில் காலை முழுதும் ஊன்ற முடியாத நோயாளி என்று பொருள். இதனை முன்கூட்டியே அறிந்து ஏற்பாடு செய்யாமல் வந்து, பாதியில் பணமும் விடுப்பும் தீர்ந்து தவிப்பவர்களைக் காண்பது வேதனையாக இருக்கிறது.

மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. புதிய வீடு கட்டுவது ஒரு வேலை. குடியிருக்கும் பழைய வீட்டின் தூணைப் பெயர்த்து மாற்றுவது வேறு வேலை. எலும்பு குறைந்திருக்கும், பழைய தழும்பினூடே செல்லவேண்டும், நேரமும் இரத்த இழப்பும் மிகும். ஆதலின் அறுவைக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்பே உடலைச் சீர்ப்படுத்தத் தொடங்கவேண்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச் சத்து மருந்து பலன் தர வாரக்கணக்கில் ஆகும். முந்தின நாள் செய்யக்கூடியதன்று. நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனையைச் செய்துகொள்ளவேண்டும். அது எட்டுக்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிவைக்கிறார்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, நகச்சுற்று, காலில் ஆறாத புண் ஆகியவற்றை முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டும். அங்கிருந்து கிருமி இரத்தத்தின் வழியே புதிய உலோகத்தைச் சென்றடையும். புகை, புகையிலை இரண்டையும் குறைந்தது ஒரு மாதம் முன்பே விட்டுவிடவேண்டும்.

திருப்பதிக்கு வருகிறவர்களிடம் வேண்டுதல் ஒன்று கட்டாயம் இருக்கும். அறுவைக்கு முன்பே அதனைச் செலுத்திவிடலாம் என்று அலிபிரிப் படிகளின் 3,550 படிகளையும் வெறுங்காலுடன் ஏற முனைவோரும் உண்டு. தளர்ந்த மூட்டுடன் அது எலும்பு முறிவில் முடியலாம். நீரிழிவுக்காரரின் பாதத்தில் ஏற்படும் கொப்புளம் அறுவை நாளையே தள்ளிவிடும். பேருந்தில் மலை ஏறித் தரிசிப்பதில் குறையொன்றும் இல்லை. முடி இறக்குவதில் தலையில் படும் கீறல்கள் ஆறும் வரையிலாவது அறுவைக்கு இடைவெளி இருக்கட்டும். காலில் உள்ள மயிரை வீட்டில் சவரக்கத்தியால் மழித்துக்கொண்டு வருவதோ ஒருபோதும் கூடாது. தேவையானால் மருத்துவமனையில் அதற்குரிய கருவியால் கத்தரித்துக்கொள்வார்கள்.

உண்டுவரும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து, சித்த மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளையும், நீரிழிவுக்கான டாபாக்ளிஃப்ளோசின் போன்றவற்றையும் அறுவைக்குச் சில நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டெண்ட் வைத்தவர்கள் தாமாக எதையும் நிறுத்தலாகாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

எங்கே செய்துகொள்வது? திருப்பதியில் தேவஸ்தானம் 1985-இல் எலும்பு, மூட்டு நோய்களுக்கென்றே நிறுவிய 'பர்ட்' மருத்துவமனை இருக்கிறது. அரசினரின் ருயா மருத்துவமனையும் ஸ்விம்ஸ் நிறுவனமும் இருக்கின்றன. சித்தூரிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மணி நேரப் பயணமே. முதல் முறை மூட்டு மாற்றும் இடங்கள் எல்லாவற்றிலும் மறு அறுவையும் நடப்பதாக எண்ணலாகாது. "இங்கே ரிவிஷன் செய்கிறீர்களா? ஆண்டுக்கு எத்தனை?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. எலும்பு வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி ஆகியவை உண்டா என்றும் கேட்கவேண்டும். இரத்தத்துக்கு ஈடாக உறவினர் கொடுக்கவேண்டும் என்று சொல்வது வழக்கம். உறவினர் அருகில் இல்லாத நம் போன்றோர் அலுவலக நண்பர் இருவரை முன்பே ஏற்பாடு செய்து வைத்திருப்பது நலம்.

செலவு வகையில் வெளி மாநிலத் தமிழர் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே விழுவது உண்டு. தமிழக அரசின் காப்பீடு தமிழகக் குடும்ப அட்டைக்கு உரியது. ஆந்திர அரசின் வைத்திய சேவைத் திட்டம் ஆந்திரத்து அட்டைக்கு உரியது. பழைய ஊரில் பெயரை நீக்கிப் புதிய ஊரில் சேர்க்காதவருக்கு இரண்டும் இல்லை. எழுபது வயது நிரம்பியவர்களுக்கு, வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பளிக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. மறு அறுவை அதில் அடங்குமா, அந்த மருத்துவமனை அதில் சேர்ந்துள்ளதா என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளவேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் முன்அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபின் சேருவதே முறை. பின்னர் விளக்கம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களின் கோப்புகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தூரில் தமிழ் செல்லும்; திருப்பதியில் மருத்துவரிடம் ஆங்கிலம் செல்லும்; ஆனால் இரவு இரண்டு மணிக்கு அருகில் நிற்கும் செவிலியிடம் தெலுங்குதான் செல்லும். முழங்காலை 'மோகாலு' என்றும், வலியை 'நொப்பி' என்றும், வீக்கத்தை 'வாப்பு' என்றும், சீழைச் 'சீமு' என்றும் சொன்னால் போதும், அவர் புரிந்துகொள்வார். 'ஈ மந்து நாகு படது' என்றால், இம்மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொருள். ஒவ்வாமை உடையவர்கள் இவ்வொரு வாக்கியத்தையேனும் மனப்பாடம் செய்துகொள்வது உயிர்காக்கும் காரியம்.

இசைவுப் பத்திரத்தில் கையொப்பம் இடுவதற்கு முன் அதனை நமக்குப் புரியும் மொழியில் சொல்லக் கேட்கவேண்டும். ஒரு சிகிச்சைக்குத் தந்த இசைவு, உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, மற்றொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. மறு அறுவையில் இது மிகவும் பொருந்தும். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பது இவ்வறுவையின் இயல்பு. பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற எண்ணித் திறந்தபின் கிருமி கண்டால் என்ன செய்வீர்கள்? எலும்பு போதாவிட்டால் எதை வைப்பீர்கள்? இவ்வினாக்களுக்கு உரிய விடைகள் முந்தின நாளே பேசப்பட்டுப் பத்திரத்திலும் எழுதப்படவேண்டும். உடன் வருகிறவர் இரண்டு மொழியும் அறிந்தவராய் இருப்பது சிறப்பு.

வீட்டு ஏற்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை; முதல் முறையே பழகியிருப்பீர்கள். மாடி வீடானால் இரண்டு மாதத்துக்குக் கீழ்த்தளம், நாற்காலி போன்ற கழிப்பிடம், சுவரில் கைப்பிடி, காலில் தடுக்கும் மிதியடிகளை அகற்றுதல், முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டில் ஆகியவை போதும். அறுவைக்கு முன்பே வாக்கரில் நடந்து பழகி, தொடைத் தசைக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டால் பின்னர் எளிதாகும். தொலைவிலிருந்து வந்தவர்கள் தையல் பிரிக்கும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம், மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவது நல்லது. நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து பயணம் செய்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு மருத்துவரின் கடிதத்தோடு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்; மும்பை, புனே பக்கத்தவர்கள் இதனை வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே செய்துவிடவேண்டும்.

மருத்துவமனையை விட்டுப் புறப்படும் நாளன்று, புதிய மூட்டின் ஒட்டுச்சீட்டுப் பக்கத்தின் நகலையும், அறுவைக் குறிப்பையும், கழற்றி எடுத்த பகுதியிலும் சதையிலும் செய்த கிருமிச் சோதனையின் முடிவையும் கேட்டு வாங்குங்கள். அச்சோதனையின் இறுதி முடிவு சில வேளைகளில் இரண்டு வாரம் கழித்தே வரும். தையல் பிரிக்கும் நாளில் மறவாமல் கேட்டுப் பெறவேண்டும். இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிட்டு, மூலத்தை ரேஷன் அட்டையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.